ஏஐ அசிஸ்டென்டுக்கு க்வெரி டூல்: என்னைப் படுத்தியது $1 தான்

ஏஐ அசிஸ்டென்ட் எங்கள் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் தேடிப் பதில் சொல்ல, ரெடிமேடாகக் கிடைக்கும் ஒரு டூலை அமைத்தேன். க்வெரிகளை அதன் கான்ஃபிக் ஃபைலில் எழுதி வைக்க வேண்டும்.

கனெக்‌ஷன், பாஸ்வேர்டை என்விரான்மென்ட் வேரியபிளில் வைப்பது, எம்சிபி (ஏஐ அசிஸ்டென்டை வெளி டூல்களோடு இணைக்கும் பொது முறை) வழியாக அசிஸ்டென்டோடு இணைப்பது எல்லாம் மளமளவென்று முடிந்துவிட்டன. உயிரை வாங்கியது பாராமீட்டர்கள்தான், அதாவது க்வெரியில் $1, $2 என்று இடம் விட்டு, ஓட்டும்போது நிரப்பும் மதிப்புகள்.

அசிஸ்டென்டுக்குள் இருக்கும் ஏஐ மாடலே எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிடம் கேட்கும் மொழி) எழுதி ஓட்டட்டுமே என்று டீமில் ஒரு பேச்சு வந்தது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. க்வெரியை நாம் எழுதிப் பூட்டிவிட வேண்டும், மதிப்புகளை மட்டும் மாடல் நிரப்பட்டும். அப்போதுதான் ராத்திரி தூக்கம் வரும்.

முதல் இடி, பெயரில் ஒரு பகுதியை வைத்துத் தேடும் க்வெரியில். டூலோடு வந்த மாதிரி ஃபைலில் '%$1%' என்று இருந்தது (% என்றால் அந்த இடத்தில் எந்த எழுத்தும் வரலாம்). ஓட்டினால், தேவை 0 பாராமீட்டர், வந்தது 1 என்று எரர். மேற்கோளுக்குள் போய்விட்டால் $1 வெறும் எழுத்துதான், போஸ்ட்கிரெஸ் அதைப் பாராமீட்டராகவே பார்க்காது. '%' || $1 || '%' என்று $1-ஐ வெளியே எடுத்து, || போட்டு ஒட்டியதும் சரியாகிவிட்டது. அந்த மாதிரியை எழுதியவர் ஒருமுறையாவது ஓட்டிப் பார்த்தாரா, தெரியாது.

இதாவது எரர் கொடுத்தது. அடுத்தது அதுகூடக் கொடுக்கவில்லை. இந்த டூல் பாராமீட்டரின் பெயரைப் பார்ப்பதில்லை. கான்ஃபிக்கில் முதலில் எழுதியிருப்பது $1, அடுத்தது $2, அவ்வளவுதான். கைமாறி வந்த கான்ஃபிக்கில் கிளைக் குறியீடும் வாடிக்கையாளர் பெயரும் இடம் மாறிக் கிடந்தன. இரண்டுமே டெக்ஸ்ட் என்பதால் டேட்டாபேஸ் வாய் திறக்கவில்லை. பதிலாக ஒரு ரோகூட வரவில்லை. அசிஸ்டென்டும் கொஞ்சமும் தயங்காமல் "அப்படி ஒரு வாடிக்கையாளர் இல்லை" என்று சொல்லிவிட்டது! டேட்டாபேஸ் லாகில் பைண்ட் ஆன, அதாவது $1, $2-இல் போய் உட்கார்ந்த மதிப்புகளைப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. பதில் காலியாக வந்தால் மாடலைத் திட்டுவதற்கு முன் லாகைத் திறந்துவிடுங்கள்.

கான்ஃபிக்கில் ஒவ்வொரு பாராமீட்டருக்கும் எழுதும் டிஸ்கிரிப்ஷனைச் சும்மா ஒப்புக்கு எழுதாதீர்கள், மாடல் படிப்பது அதைத்தான். "தேதி" என்று மட்டும் இருந்தபோது "போன மாதம்" என்ற சொல்லையே அப்படியே அனுப்பியது. "வருடம்-மாதம்-நாள், உதாரணம் 2025-03-01, தெரியாவிட்டால் பயனரிடம் கேள்" என்று மாற்றியதும் ஒழுங்காகக் கேட்க ஆரம்பித்தது. அன்றைக்கு அது ஒன்றுதான் சந்தோஷம்.

டேபிளின் எந்த நெடுவரிசையை (column) வைத்து வரிசைப்படுத்துவது என்பதையும் மாடலிடம் விட நினைத்தால், $1 உதவாது. டேபிள் பெயர், நெடுவரிசைப் பெயர் எதையும் பைண்ட் செய்ய முடியாது. இதற்கென்று இந்த டூலில் டெம்ப்ளேட் பாராமீட்டர் என்று ஒன்று தருகிறார்கள். அது எழுத்தை அப்படியே க்வெரிக்குள் ஒட்டுவது, அதாவது இன்ஜெக்‌ஷனுக்குக் கதவைத் திறந்துவிடுவது: மதிப்புக்குப் பதில் எஸ்க்யூஎல் கட்டளையையே யாராவது நுழைத்துவிடலாம். நான் தொடவில்லை. அனுமதித்த சொற்களை மட்டும் ஏற்கும் CASE நிபந்தனை ஒன்றை க்வெரியிலேயே எழுதிவிட்டேன்.

அப்புறம் அந்த டேட்டாபேஸ் அட்மின். படிக்க மட்டும் உரிமையுள்ள யூசர் கேட்டால், எழுதவும் அழிக்கவும் முடிகிற அக்கவுண்டைக் கொடுத்து "உங்க டூல்ல செலக்ட் மட்டும்தானே சார் இருக்கு?" என்கிறார். இன்றைக்கு இருக்கிறது, நாளைக்கு வேறு யாராவது ஒரு டூல் சேர்த்தால்? விடாமல் கேட்டு, செலக்ட் உரிமை மட்டும், அதுவும் 3 வியூக்களுக்கு (டேபிளிலிருந்து தேவையானதை மட்டும் காட்டும் க்வெரிகள்) மட்டும் என்று வாங்கினேன். கூடவே ஸ்டேட்மென்ட் டைம்அவுட் 5 நொடி, அதற்கு மேல் ஓடும் க்வெரி நிறுத்தப்படும். எத்தனை ரோக்கள் வரலாம் என்ற லிமிட்டை மாடலிடம் விடாமல் க்வெரியிலேயே 50 என்று எழுதிவிட்டேன்.