மைக் இல்லாமல் ஒரு லாண்ட்மாஸ்டர்

வன்னியில் இருந்து கேம் செய்யும் சிறு குழுக்களுக்கு ஒலி என்றதும் வருகிற முதற்கவலை மைக். அதை வாங்கினாலும் அமைதியான அறை வேண்டும். கிளிநொச்சியில் ஏ9 ஓரத்து வாடகை அறை என்றால் பஸ் ஹோர்ன், கோயில் லவுட்ஸ்பீக்கர், தலைக்கு மேல் சுற்றும் ஃபேன் எல்லாம் பதிவுக்குள் வந்துவிடும். ஃபேனை நிறுத்தினால் மத்தியானத்தில் ஆள் இருக்கேலாது. பழைய கேம் பாணி ஒலிக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே எதையும் பதிவு செய்வதில்லை. அலையைக் கணினியே பிறப்பிக்கிறது.

கருவி இரண்டு போதும். ஒன்று எஸ்எஃப்எக்ஸ்ஆர். 2007இல் லூடம் டேர் என்ற கேம் செய்யும் போட்டிக்காரருக்காக டாக்டர்பெட்டர் என்பவர் எழுதிக் கொடுத்த சின்ன மென்பொருள். அதன் பிரவுசர் வடிவம் ஜேஎஸ்எஃப்எக்ஸ்ஆர். மற்றது ஒலியை வெட்டித் திருத்தும் மென்பொருளான ஓடாசிட்டி. இரண்டும் இலவசம்.

எஸ்எஃப்எக்ஸ்ஆரில் காசு, சுடுதல், வெடிப்பு, பாய்ச்சல் என்று பட்டன்கள் உண்டு. அமத்தினதும் ஒலி வரும். முதலில் வந்ததை அப்படியே எடுத்துப் போடுவதுதான் பெரும்பாலானோர் விடும் பிழை. அதனால்தான் பாதிக் கேம்கள் ஒரே குரலில் பேசுகின்றன. பட்டன் தருவது மூலப்பொருள் மட்டுமே. அதன்பிறகு முதலில் தொடவேண்டியது நீளம். நிமிடத்துக்கு முப்பது தடவை கேட்கப்போகும் பாய்ச்சல் ஒலி 200 மில்லிசெக்கனைத் தாண்டினால் எரிச்சல். சஸ்டெயினையும் (ஒலி நிலைக்கும் நேரம்) டிகேயையும் (தேயும் நேரம்) குறையுங்கள். ஆனால் டிகேயை முழுதாகப் பூச்சியமாக்கினால் அலை நடுவில் அறுந்து 'டிக்' என்று கேட்கும். ஓடாசிட்டியில் கடைசி 5 மில்லிசெக்கனைத் தெரிவு செய்து ஃபேட் அவுட் கொடுத்தால் அது போய்விடும்.

காசுச் சத்தம் இரண்டே சுரம். 988 ஹேர்ட்சில் 80 மில்லிசெக்கன், உடனே 1319 ஹேர்ட்சுக்குத் தாவி மெல்லத் தேய வேண்டும். தாவலைத் தருவது 'சேஞ்ச் அமவுண்ட்' ஸ்லைடர். அது எப்போது நடக்க வேண்டும் என்பது 'சேஞ்ச் ஸ்பீட்'. சதுர அலையின் டியூட்டி, அதாவது ஒரு சுற்றில் அலை மேலே நிற்கும் பங்கு, 50 சதவீதம் என்றால் உருண்டையான குரல், 12.5 என்றால் மூக்கால் பேசும் குரல். 1983இல் வந்த நின்டெண்டோவின் ஃபேமிகொம் கேம் கருவி 12.5, 25, 50, 75 என்று நாலு டியூட்டி வைத்திருந்தது. ஆனால் 75 என்பது தலைகீழான 25தான். காதுக்கு இரண்டும் ஒன்றே.

நம் ஊர்ச் சத்தங்களைச் செய்யும்போதுதான் வேலை சுவைக்கிறது. மயில் அகவல் மேலேறி இறங்கும். ஸ்லைடை (சுருதி ஏறி இறங்கும் வேகம்) நேர்ப்பக்கமும் டெல்டா ஸ்லைடை (அந்த வேகத்தின் மாற்றம்) எதிர்ப்பக்கமும் வைத்தால் அந்த வளைவு வந்துவிடும். லாண்ட்மாஸ்டர் என்ற இரண்டு சக்கர உழவு மெசினை ஓடாசிட்டியில் கட்டுவது சுலபம். ஒற்றைச் சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் வெடிக்கும். 1800 ஆர்பிஎம்மில் செக்கனுக்கு 15 வெடிப்பு, அதாவது 67 மில்லிசெக்கனுக்கு ஒன்று. 'ஜெனரேட்' மெனுவில் பிரவுனியன் இரைச்சல் 40 மில்லிசெக்கன் எடுத்து ஃபேட் அவுட் கொடுங்கள். பின்னால் 27 மில்லிசெக்கன் மௌனம். இந்தத் துண்டை ரிப்பீட்டில் 14 தடவை பெருக்கினால் (மூலத்தோடு 15) திரும்பத் திரும்ப ஓடும் ஒரு செக்கன் லூப் தயார். மௌனத்தில் முடிவதால் தையல் கேட்காது. கேமில் பிட்ச்சை 0.7 ஆக்கினால் செக்கனுக்கு 10 வெடிப்பளவில் இறங்கி ஐட்லிங் ஆகிவிடும். வேறு கோப்பு தேவையில்லை.

ஹெட்போனில் நன்றாயிருந்த இந்த மெசின், போன் ஸ்பீக்கரில் காணாமல் போகும். சின்ன ஸ்பீக்கர் சில நூறு ஹேர்ட்சுக்குக் கீழே அநேகமாக ஊமை; பிரவுனியன் இரைச்சலின் பலம் முழுக்க அங்கேதான். ஒவ்வொரு வெடிப்பின் தலையிலும் 8 மில்லிசெக்கன் வெள்ளை இரைச்சல் சேர்த்தால் 'டக்' என்ற விளிம்பு எந்தப் போனிலும் கேட்கும். யானையை விரட்டப் போடும் யானை வெடியிலும் இதே பிரச்சினைதான். 'வெடிப்பு' பட்டன் பெரும்பாலும் நீண்ட உறுமலைத் தரும். யானை வெடியோ ஒரு அறை. அட்டாக் (ஒலி எழும் நேரம்) பூச்சியம், பஞ்ச் (தொடக்க அடி) உச்சம், டிகே குறுக்கம். குளக்கட்டில் பட்டுத் திரும்புவது போல எதிரொலி வேண்டுமானால், 250 மில்லிசெக்கன் தள்ளி 12 டெசிபல் குறைத்து ஒரு பிரதி போடுங்கள். சுமார் 40 மீற்றர் தள்ளி ஏதோ நிற்கிறது என்று காது நம்பிவிடும். இரண்டாவது பிரதி தேவையில்லை.

அடுத்தது சத்த அளவு. எல்லாக் கோப்பையும் ஒரே உச்சத்துக்கு நோர்மலைஸ் செய்வது வீண். ஒரே உச்சத்தில் சதுர அலையில் சைன் அலையைவிட 3 டெசிபல் சக்தி கூட இருக்கிறது. அதன் மேல் ஒத்திசைகள் (அடிச் சுரத்தின் மடங்கு அதிர்வெண்கள்) காது கூர்மையாகக் கேட்கும் பகுதியில் விழுவதால் இன்னும் உரக்கக் கேட்கும். மெனு 'பிளிப்' ஒலியை வெடியைவிடக் குறைந்தது 12 டெசிபல் கீழே வைக்கலாம். மீதியைக் காதால் தீர்மானியுங்கள், மீட்டரால் அல்ல.

எம்பி3 ஆக்க வேண்டாம். அது தலைப்பக்கம் சிறு மௌனம் சேர்க்கும். பாய்ந்த பிறகுதான் சத்தம் வரும். 16 பிட், 44,100 ஹேர்ட்ஸ் மோனோ வேவ் கோப்பில் 0.3 செக்கன் ஒலி 26 கிலோபைட் அளவுதான். புளூடூத் இயர்போனில் சோதிப்பதும் கூடாது, அதன் தாமதத்தைக் கேமின் தாமதம் என்று நினைத்துத் தேடிக்கொண்டிருப்பீர்கள். கேம் செய்யும் மென்பொருளான கோடோ 4இல் ஒலி பிளேயரின் 'மேக்ஸ் பாலிஃபனி' (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சத்தங்களின் எண்ணிக்கை) இயல்பாக 1. புதுச் சத்தம் பழையதை வெட்டும். காசுக்கு அது சரியே, பழைய சிப்களும் அப்படித்தான் ஒரு சானலில் ஒன்றை வெட்டி மற்றதை ஒலித்தன. தொடர்ந்து காசு பொறுக்கும் இடங்களில் பிட்ச்சை 5 சதவீதம் அங்குமிங்கும் மாற்றினால் அலுப்புத் தட்டாது.

வேவாக எக்ஸ்போர்ட் செய்யமுன் எஸ்எஃப்எக்ஸ்ஆரின் அமைப்புக் கோப்பையும் சேமியுங்கள். போனில் சோதித்தபின் எப்படியும் திருத்தம் வரும். வேவிலிருந்து ஸ்லைடர் நிலைகளைத் திருப்பி எடுக்க வழியில்லை.