எடை ஏறுது, ரத்தம் ஏறல

செக்கப் முடிந்து வந்தால் எங்கள் வீட்டில் முதல் கேள்வியே "எத்தன கிலோ ஏறியிருக்க?" என்பதுதான். எடை கூடினால் அத்தைக்குச் சந்தோஷம். அதை என் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்வதில் இன்னும் சந்தோஷம். மருமகளைப் பட்டினி போடவில்லை என்பதற்குச் சாட்சி வேண்டாமா!

மசக்கையில் ரசஞ்சோறும் நார்த்தங்காய் ஊறுகாயும்தான் வயிற்றில் நின்றன. நாலாம் மாதம் பசி திரும்பியதும் "ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்" ஆரம்பித்துவிட்டது. தட்டில் இட்லி தீரத் தீர இன்னொன்று விழும். மதியம் சோறு, ராத்திரி தோசை. எல்லாம் அரிசி.

அந்த ரெண்டாவது உசுருக்கு உண்மையில் அவ்வளவு வேண்டாம். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கணக்கில் கர்ப்பிணிக்குக் கூடுதலாக ஒரு நாளைக்கு 350 கலோரி. ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு வாழைப்பழம், ஏறக்குறைய அவ்வளவுதான். உயரத்துக்கு ஏற்ற எடை உள்ளவர்களுக்குப் பத்து மாதமும் சேர்த்து 11.5 முதல் 16 கிலோ வரை ஏறலாம் என்பார்கள். முன்பே குண்டாக இருந்தால் அதைவிடக் குறைவு. அதிலும் குழந்தை 3 கிலோ போல. மற்றதெல்லாம் நஞ்சுக்கொடி, பனிக்குடநீர், கூடுதல் ரத்தம், பால் கொடுக்கச் சேரும் கொழுப்பு.

ஆறாம் மாதம் எடை பார்த்துவிட்டு டாக்டர் சம்பந்தமே இல்லாமல் ஒன்று கேட்டார்: "அரிசி, சாம்பல், மண்ணு ஏதாவது திங்கணும்னு தோணுதாம்மா?" என் வீட்டுக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சமையலறைக்குள் போகும்போதெல்லாம் டப்பாவைத் திறந்து ஒரு பிடி பச்சரிசி வாயில் போட்டுக்கொள்வேன். கடவாயில் நொறுங்கும்போது வருமே ஒரு மாவு வாசனை, அதற்காகவே. "கல்யாணத்துக்கு முன்னாடி தின்னாத்தான் அன்னைக்கு மழை பெய்யும், உனக்குத்தான் முடிஞ்சுதே" என்று அத்தையும் விட்டுவிட்டார். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.6. கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். இரும்புச்சத்து குறைந்தால் சிலருக்கு இப்படிக் கண்டதைத் தின்னத் தோன்றுமாம்.

எடை சரியாக ஏறியிருக்கிறது, ரத்தம் ஏறவில்லை! அத்தைக்கு இது பிடிபடவே இல்லை. "இம்புட்டுச் சாப்பிடுறாளே டாக்டர்?" என்று கேட்டேவிட்டார்.

இரும்பு மாத்திரையை டிபன் முடிந்து காபியோடு விழுங்கிக்கொண்டிருந்தேன். காபி, டீ இரண்டுமே இரும்பை உடம்பில் சேரவிடாது என்றார் டாக்டர். கால்சியம் மாத்திரையையும் அதோடு சேர்த்துப் போடக்கூடாதாம். இப்போது இரும்பு மாத்திரை காலையில் எலுமிச்சை ஜூஸோடு, கால்சியம் ராத்திரி, காபி பதினோரு மணிக்கு. (மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.) இட்லி நாலோடு நின்றது. முருங்கைக்கீரைப் பொரியல், முட்டை, பாசிப்பயறு தட்டுக்கு வந்திருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அம்மா சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) வாங்கி மிளகு போட்டு வறுத்து அனுப்புகிறாள். அதன் வாசனைதான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்கிறேன்.

அடுத்த மாதம் வளைகாப்பு. சோறு வகை வகையாக வரும். அன்றைக்கு மட்டும் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. புளியோதரையில் எனக்குத் தனியாக ஒரு தூக்கு எடுத்து வைக்கும்படி அம்மாவிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.