கீமோவுக்கு முன் கிடைத்த 20 நாள்

புற்றுநோய்க் கட்டி, பயாப்சி, ஆபரேஷன் எல்லாம் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிட்டன. கீமோவுக்குத் தேதி குறித்தபோது நானாகத்தான் கேட்டேன்: "டாக்டர், பின்னால் எனக்குக் குழந்தை பிறக்குமா?" அதுவரை ஒருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்கு வயது 31, கல்யாணம் ஆகவில்லை. கீமோவில் கொடுக்கும் சைக்ளோபாஸ்பமைடு மருந்து சினைப்பையைப் பாதிக்கலாம், முன்னதாகவே கருமுட்டைகளை எடுத்து உறைய வைக்கலாம் என்று அப்போதுதான் சொன்னார். கையில் இருந்தது 20 நாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடியற்காலை பஸ்ஸில் அக்காவும் நானும் விழுப்புரத்திலிருந்து சென்னைக்குப் போனோம். கருத்தரிப்பு மையத்தின் கவுன்டரில் இருந்தவர் ஃபாரத்தில் 'கணவர் பெயர்' காலியாக இருந்ததைப் பார்த்துவிட்டு ஃபைலை என் பக்கம் தள்ளினார். "ஹஸ்பண்ட் வரணும்மா. இல்லைன்னா அப்பாவைக் கூட்டிட்டு வாங்க." அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. தையல் போட்ட இடம் இழுக்க, அங்கேயே நின்றேன். கருத்தரிப்பு சிகிச்சைக்கான 2021-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வயதைத் தாண்டிய பெண்ணுக்குக் கருமுட்டையை உறைய வைக்க அனுமதிக்கிறது. அக்கா அதைப் போனில் எடுத்துக் காட்டிய பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

உள்ளே போனால் புற்றுநோய் மருத்துவரின் கடிதம் இல்லை! கட்டி ஹார்மோனால் வளரும் வகையா (ஹார்மோன் பாசிட்டிவா), கீமோ எந்தத் தேதி, முட்டை வளர ஊசி போடலாமா, மயக்க மருந்து கொடுக்கலாமா என்று நான்கும் அதில் இருக்க வேண்டுமாம். எங்கள் டாக்டரைத் திங்கட்கிழமைதான் பார்க்க முடிந்தது. தயவுசெய்து அந்தக் கடிதத்தைக் கையில் வாங்காமல் கிளம்பாதீர்கள்.

செவ்வாய்க்கிழமை ஊசி ஆரம்பம். மாதவிலக்குக்குக் காத்திருக்கத் தேவையில்லை, எந்த நாளிலும் தொடங்கலாம். ஈஸ்ட்ரோஜன் ஏறாமலிருக்க லெட்ரோசோல் மாத்திரையும் கொடுத்தார்கள். 11 நாள் ஊசி, இரண்டு நாள் கழித்து முட்டை எடுத்தார்கள். ஒன்பது கிடைத்தது, ஏழு முதிர்ந்தவை. நர்ஸ் "ஏழும்மா" என்று சொன்னபோது அக்கா என் கையை விடவே இல்லை.

ஆனால் கடிதத்துக்காக வீணான அந்த நான்கு நாள் இன்னும் உறுத்துகிறது. சினைப்பையை ஓய்வில் வைக்கும் கோசெரலின் ஊசியைக் கீமோவுக்கு ஒரு வாரம் முன்பே போடுவது நல்லது. எனக்கு மிஞ்சியது மூன்றே நாள்.

அப்புறம் ஒன்று. முட்டைகளைப் பத்து ஆண்டு வரை வைக்கலாம், ஆனால் எங்கள் மையத்தில் வருடாவருடம் பணம் கட்ட வேண்டும். கீமோ சமயத்தில் நமக்குப் போன் எடுக்கத் தெம்பு இருக்காது. வீட்டில் இன்னொருவரின் எண்ணையும் ஃபாரத்தில் எழுதிக் கொடுங்கள். நான் அக்கா எண்ணைக் கொடுத்திருக்கிறேன்.