பின்னி மில் துரையின் ஊர்

ஸ்காட்லாந்தில் இருக்கும் டண்டீக்கு வந்து இது இரண்டாவது குளிர்காலம். டிசம்பரில் மாலை மூன்றரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. நைட் டியூட்டி முடித்து வந்து தூங்கி எழுந்தால் மறுபடியும் இருட்டு. ஒரு வாரம் முழுக்க வெயிலைப் பார்க்காமல் கழித்திருக்கிறேன். "இங்க வந்து கொஞ்சம் வாரிக்கிட்டுப் போடி" என்பாள் பெரம்பூரிலிருந்து அம்மா.

எதிர்ஃபிளாட்டில் ஒரு தாத்தா, தனியாள். முதல் மூன்று மாதம் அவர் பேச்சில் பாதி எனக்குப் புரியவில்லை. 'ஆய்' என்றால் ஆமாம் என்பதே வார்டில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. ஒருநாள் எந்த ஊர் என்று கேட்டார். சென்னை என்றேன், விளங்கவில்லை. மெட்ராஸ் என்றதும் "செராங்! ஜல்தி!" என்று சத்தம் போட்டுச் சிரித்தார். செராங் என்றால் கப்பலில் நம்மூர் மாலுமிகளுக்கு மேஸ்திரி. வாலிபத்தில் பி.ஐ. கப்பலில், அதாவது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியில், எஞ்சினியராக இருந்தவராம்.

"ரஜூலா?" என்றேன். அவருக்குக் கண் விரிந்துவிட்டது. மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1926 முதல் ஓடிய கப்பல் அது. எங்கள் தாத்தாவின் அக்கா டெக் டிக்கெட்டில் மலாயா போனது அதில்தான். அந்தக் கப்பல்களை ஆண்ட பெரிய முதலாளி பக்கத்து ஆர்ப்ரோத்காரர், இஞ்ச்கேப் பிரபு என்றார். பெயரைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைக்குச் சோறு போட்ட பெரம்பூர் பின்னி துணி மில்லும் அந்த ஆள் கைக்குத்தானே போனது!

லீவு நாளில் ஆர்ப்ரோத்துக்கு ரயில் ஏறினேன். டண்டீயிலிருந்து அரை மணி நேரம்கூட இல்லை. சின்னத் துறைமுகம், மீன் புகை வாசனை. பின்னாளில் இஞ்ச்கேப் பிரபுவான ஜேம்ஸ் லைல் மக்காய் 1852இல் இங்கே ஒரு கப்பல் கேப்டனுக்குப் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனை இழந்து, கயிறு திரிக்கும் கம்பெனியில் வேலை பார்த்து, லண்டன் போய், 1874இல் கல்கத்தாவில் பி.ஐ. கப்பல்களைக் கவனித்துக்கொண்ட மெக்கின்னன் மெக்கென்சி கம்பெனியில் சேர்ந்தார். எனக்கு மூன்றரை மணி இருட்டு தாங்கவில்லை என்றால், இருபத்திரண்டு வயதில் கல்கத்தா வெயிலில் அவர் என்ன பாடு பட்டிருப்பார் என்று யோசித்துக்கொண்டே துறைமுகச் சுவரில் உட்கார்ந்திருந்தேன்.

1906இல் மெட்ராஸில் ஆர்பத்நாட் வங்கி திவாலானபோது பின்னியும் ஆட்டம் கண்டது. பின்னியை வாங்கிப்போட்டவர் இவர். 1911இல் பிரபுப் பட்டம், 1924இல் வைகவுண்ட், 1929இல் ஏர்ல். 1914இல் பி.ஐ.யும் பி அண்ட் ஓ என்ற இன்னொரு பெரிய கப்பல் கம்பெனியும் இணைந்தபின் அத்தனை கப்பல்களுக்கும் தலைவர். 1921இல் அல்பேனியாவுக்கு ராஜாவாகிறீர்களா என்றுகூடக் கேட்டார்களாம், மாட்டேன் என்றுவிட்டார்.

அதே 1921இல்தான் பின்னியின் எங்கள் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்களில் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம். புளியந்தோப்பில் துப்பாக்கிச் சூடு. கொள்ளுத்தாத்தா ராத்திரியில் வீடு வர பயந்து நாலு நாள் எங்கோ ஒளிந்திருந்த கதையை ஆயா நூறு தடவை சொல்லியிருக்கிறாள். அதனால் எனக்கு இந்தத் துரை மேல் பிரியம் வரவில்லை. ஆனால் ஒன்று இடித்தது. சம்பாதித்தது கல்கத்தாவிலும் மெட்ராஸிலும். பட்டத்துக்கு வைத்துக்கொண்ட பெயரோ இந்தக் கடலுக்குள் கிடக்கும் ஒரு பாறையின் பெயர். ஊர்ப் பெயரை இனிஷியலாகத் தூக்கிக்கொண்டு திரியும் நம் ஆட்கள் மாதிரிதான்.

இஞ்ச்கேப் பாறை, கடல் ஏறினால் மூழ்கிவிடும். மடத்துத் தலைவர் ஒருவர் அதில் மணி கட்டி வைத்தாராம், அதனால் பெல் ராக் என்றும் பெயர். 1811 முதல் அங்கே கலங்கரை விளக்கம் எரிகிறது. இஞ்ச்கேப் பட்டம் பேரன் கென்னத்துக்கு 1939இல், இருபத்தொரு வயதில் வந்தது. சும்மா உட்கார்ந்து தின்றவர் இல்லை அவர்: 1958இல் குடும்பக் கம்பெனியைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோனார், 1973இலிருந்து பத்து வருடம் பி அண்ட் ஓ தலைவர். ரஜூலா கை மாறியதும் அந்த 1973இல்தான். எங்கள் மில் 1996இல் மூடியது. இஞ்ச்கேப் என்ற கம்பெனி பெயர் மட்டும் இன்றும் இருக்கிறது, இப்போது கார் விற்கிறார்கள்.

இருட்டியதும் தூரத்தில் பெல் ராக் வெளிச்சம் மினுக் மினுக்கென்றது. வீடியோ காலில் அம்மாவுக்குக் காட்டினேன். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

திரும்பும்போது ஸ்மோக்கி இரண்டு ஜோடி வாங்கினேன். ஹாடக் மீனை வாலோடு வால் கட்டி விறகுப் புகையில் தொங்கவிடுவது. வீட்டுக்கு வந்து புளி கரைத்து, கத்திரிக்காய் போட்டு, கருவாட்டுக் குழம்பு மாதிரி வைத்தேன். ஒரு கிண்ணம் எதிர்வீட்டுத் தாத்தாவுக்கு. கண்ணில் நீர் வழிய முழுவதையும் தின்றுவிட்டு, கப்பலில் செராங் வைப்பது இதைவிடக் காரமாக இருக்கும் என்றார்.