கிடாரம் கேட்ட சங்கம்

2010 கடைசியில் முல்லைத்தீவு மாவட்டத்துக் கிராமம் ஒன்றுக்கு ஒரு உதவி நிறுவனத்தின் களப் பணியாளராகப் போகத் தொடங்கினேன். 2009-இல் போர் முடிந்தபின் வைத்திருந்த செட்டிகுளம் முகாமிலிருந்து சனம் திரும்பி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஆறு மாதத்துக்கு உலர் உணவு, குடும்பத்துக்கு 25,000 ரூபாய், கொஞ்சம் கூரைத் தகரம், தறப்பாள், அவ்வளவுதான் கையில் இருந்தது. கண்ணிவெடி அகற்றாத காணிகளில் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் நின்றன.

என்னிடம் தந்திருந்த வேலைத்திட்டத்தின் முதல் வரி, கிராமக் குழு ஒன்றை அமைப்பது. பாலை மரத்தடியில் பெண்களைக் கூட்டி அதைச் சொன்னேன். ஒரு அம்மா எழும்பி, "சங்கம் ஏற்கனவே இருக்குது மிஸ்" என்றார். அவர் மடியிலிருந்த பிளாஸ்டிக் பைக்குள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கூட்ட அறிக்கைப் புத்தகம் இருந்தது. இடம்பெயர்ந்த இடமெல்லாம் அதைக் கொண்டு போயிருக்கிறார். காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், அதோடு இந்தப் புத்தகம்.

அன்றைய கூட்டத்தில் நான் எழுதி வந்த எதுவும் நடக்கவில்லை. அவர்கள் உறுப்பினர் பட்டியலை வாசித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் யாராவது பதில் சொன்னார்கள்: இருக்கிறா, இந்தியாவில், செத்துப்போனா. சில பெயர்களுக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. பொருளாளர் பேனையை எடுத்தபோது பின்னாலிருந்து ஒரு குரல், "வெட்டாதேங்கோ" என்றது. அந்தப் பெயர்கள் இருக்கட்டும், சந்தா மட்டும் கேட்க வேண்டாம் என்று முடிவானது. எங்கள் படிவத்தில் 'செயற்படும் உறுப்பினர் எண்ணிக்கை' என்று ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. அதில் என்ன எண்ணை எழுதுவது என்று தெரியாமல் அன்றிரவு வெகுநேரம் விழித்திருந்தேன்.

அடுத்த கூட்டத்தில் என்ன உதவி வேண்டும் என்று கேட்டேன். ஊருக்குச் சமைக்க இரண்டு பெரிய கிடாரம், ஐம்பது கதிரை, ஒரு தகரப் பந்தல் என்றார்கள். செத்தவீடு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, பூப்புனித நீராட்டு எதற்கும் நகரத்திலிருந்து வாடகைக்கு எடுக்க வேண்டியிருந்தது. லொறிக் கூலி வேறு. இதற்கு நிதி இல்லை என்று சொல்லிவிட்டேன். வாழ்வாதாரம் என்ற தலைப்பில் கோழிக்குஞ்சு இருந்தது, அதைக் கொடுத்தோம். பாதிக்கு மேல் நோயில் போயிற்று.

அந்த மறுப்பை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம். 2009-இல் தங்கள் சாவுகளுக்குப் பறை மேளம் இல்லை, எட்டாம் நாள் செய்யும் எட்டுச் செலவு இல்லை, பலருக்குக் குழி வெட்டவும் நேரம் இருக்கவில்லை. அப்படி வந்த சனம் ஊரில் நடக்கும் ஒரு சாவையாவது முறையாகச் செய்ய வேண்டும் என்று கேட்டது. அந்த ஆண்டுகளில் வீதி, வீடு, வாழ்வாதாரம் என்றால் அரசாங்கத்தின் அனுமதி கிடைக்கும், மனக்காயம் ஆற்றும் உளவளத்துணை என்றால் கஷ்டம். அந்த வேலையை அவர்கள் கிடாரத்தையும் கதிரையையும் வைத்துச் செய்ய நினைத்தார்கள். எனக்கு அது விளங்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிணற்றுக்கு ஒரு குழு, வீட்டுக்கு ஒரு குழு, கடனுக்கு ஒரு குழு என்று நிறுவனத்துக்கு நிறுவனம் புதிதாக ஒன்றைத் தொடங்கினோம். எல்லாவற்றிலும் இருந்தது அதே எட்டுப் பெண்கள். கிழமையில் நாலு நாள் கூட்டம் என்றால் தோட்டத்தை யார் பார்ப்பது? ஆளுக்கொரு பெயர்ப்பலகை நட்டோம், திட்டம் முடிந்ததும் பலகைதான் மிஞ்சியது.

சரி, இரண்டாம் வருடம் மிஞ்சிய பணத்தை மாற்ற மேலிடத்தில் மன்றாடி அனுமதி வாங்கினேன். கிடாரம் வந்தது, கதிரை வந்தது. வாடகைக் காசைச் சங்கம் சேர்த்தது. பாடசாலை தொடங்கும் மாதத்தில் கொப்பி, சப்பாத்துக்கு அதிலிருந்து கடன் கொடுத்தார்கள். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபாய் கட்டம் கட்டமாகக் கிடைத்தபோது, தனித்திருந்த பெண்களின் மேசன் கூலியைச் சங்கமே பேசித் தீர்த்தது. பின்னால் நுண்கடன் கம்பனிக்காரர் மோட்டார் சைக்கிளில் வாசலுக்கு வாசல் வந்தார்கள். சங்கத்தில் கைமாற்று எடுக்கக்கூடியவர்கள் கொஞ்சம் தப்பினார்கள், எல்லோரும் தப்பவில்லை. ஒரு இலட்சத்துக்குட்பட்ட கடன்களுக்கு 2018-இல் அரசாங்கம் தள்ளுபடி அறிவித்தபோது பல வீடுகளில் நகை மிஞ்சியிருக்கவில்லை.

வேலையை விட்டுப் பல வருடம் கழித்து அந்தப் பக்கம் போனேன். பழைய புத்தகம் இத்துப்போய்விட்டது, புதியதில் பெயர்களைப் பெயர்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுதுகிறவவுக்குக் கண்ணாடி சரியில்லை என்று என்னிடம் பேனையைத் தந்தார்கள். அந்த அம்மா வாசிக்க வாசிக்க எழுதினேன். ஒரு பெயரில் நின்றேன். "அதையும் எழுதுங்கோ பிள்ளை" என்றார்.