எந்த பெர்ல்மன்? – நெட் சோஷியல் ஒர்க் எழுதப்போகிறவர்களுக்கு

யு.ஜி.சி. நெட் தேர்வின் ரிசல்ட் வந்துவிட்டது. உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்தது, ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைக்கவில்லை. மாதம் 37,000 ரூபாய் கைநழுவிப் போனதில் வீட்டுக்கு வருத்தம். இனிமேல் இந்தப் பரீட்சை எழுத வேண்டாம் என்பதில் எனக்கு நிம்மதி. ஜூனியர்கள் கேட்பதெல்லாம் “எந்த புக் படிச்சீங்க அக்கா?” என்றுதான். புத்தகப் பட்டியல் உங்கள் எல்லாரிடமும் இருக்கிறது. பேப்பர் அமைப்பு, நெகட்டிவ் மார்க் இல்லாத விஷயம், எல்லாக் கேள்விக்கும் விடை போட வேண்டும் என்பதெல்லாம் தெரிந்துதான் வந்திருப்பீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நான் சொல்ல வந்தது பெயர்களைப் பற்றி.

எம்.எஸ்.டபிள்யூ.வில் (சமூகப்பணி முதுகலையில்) இரண்டு வருஷமும் நாம் அறிஞர்களைக் குடும்பப்பெயரால் மட்டுமே தெரிந்துகொள்கிறோம். ரிச்மண்ட், ஹாமில்டன், ஹாலிஸ், பீஸ்டெக், பெர்ல்மன். ஆணா பெண்ணா, எந்த ஊர், எந்தக் காலம், யாரோடு சண்டை, ஒன்றும் தெரியாது. நான் பணம் கட்டிச் சேர்ந்த பயிற்சி மையத்தின் நோட்ஸும் அப்படித்தான் இருந்தது: “பெர்ல்மன் – 4 பி”, முடிந்தது. அந்த ஒரு வரிக்கா அவ்வளவு ஃபீஸ் என்ற எரிச்சல் இன்னும் போகவில்லை.

என் ரூம்மேட் எச்.ஆர். எடுத்தவள், நெட்டில் அதன் பாட எண்ணான கோட் 55 எழுதினாள். நான் சோஷியல் ஒர்க், கோட் 10. ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொள்வோம். ஒருநாள் அவள் நோட்டிலிருந்து “பெர்ல்மன் என்ன சொன்னார்?” என்றாள். “பர்சன், ப்ராப்ளம், ப்ளேஸ், ப்ராசஸ்” என்றேன். “தப்பு, ஜாப் கான்ஷியஸ்னஸ்” என்றாள். கால் மணி நேரம் சண்டை. கடைசியில் பார்த்தால் இரண்டும் சரி. ஆள்தான் வேறு வேறு. அன்றைக்கே ஒரு நோட்டுப் போட்டேன். ஒரு குடும்பப்பெயருக்கு ஒரு பக்கம். அந்தப் பெயரில் யார் யார் உண்டோ எல்லாரும் அந்தப் பக்கத்தில். முதல் பெயர், பிறந்த ஊர், வருஷம், புத்தகம், யாரை எதிர்த்தார். இவ்வளவுதான் என் உத்தி. என் மார்க்கில் பாதி இந்த நோட்டு வாங்கித் தந்தது என்றே நினைக்கிறேன். மிகை என்றால் மிகைதான்.

அந்த நோட்டின் பெர்ல்மன் பக்கத்தை அப்படியே தருகிறேன்.

முதலில் நம்முடைய பெர்ல்மன். ஹெலன் ஹாரிஸ் பெர்ல்மன். பெண். 1905இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து செயின்ட் பால் நகரில் பிறந்தவர். ஹாரிஸ் பிறந்த வீட்டுப் பெயர், பெர்ல்மன் கணவர் வழி வந்தது. சிகாகோவில் கேஸ் ஒர்க்கராக, அதாவது தனிமனிதர்களின் சிக்கலில் உதவும் சமூகப்பணியாளராகக் களத்தில் இருந்துவிட்டு, 1945இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். சோஷியல் கேஸ்ஒர்க் பற்றிய அவருடைய பெயர்பெற்ற புத்தகம் 1957. சமூகத்தில் ஒருவர் ஏற்கும் ரோல் பற்றிய ‘பெர்சோனா’ 1968. 2004இல் காலமானார்.

அவர் எழுத வந்தபோது கேஸ் ஒர்க் உலகம் இரண்டு அணியாகக் கிடந்தது. ஃப்ராய்டைப் பிடித்துக்கொண்டு, ‘முதலில் நோய்க்கூறைக் கண்டுபிடி’ என்றது டயக்னாஸ்டிக் அணி. ஓட்டோ ராங்கைப் பிடித்துக்கொண்டு, நிறுவனத்தின் ஃபங்ஷனையும் (பணியையும்) கிளையன்ட்டின் (உதவி தேடி வருபவரின்) சொந்த விருப்பத்தையும் முன்னால் வைத்தது பென்சில்வேனியாவின் ஃபங்ஷனல் அணி, அதாவது ஜெஸ்ஸி டாஃப்ட், வர்ஜீனியா ராபின்சன் கூட்டம். பெர்ல்மன் இரண்டு பக்கமும் வேண்டியதை எடுத்துக்கொண்டார். தத்துவவாதி ஜான் டூயியிடமிருந்து, சிக்கலைத் தீர்ப்பதே சிந்தனை என்ற கருத்தையும் ஈகோ சைக்காலஜியையும் சேர்த்தார். வாழ்க்கையே சிக்கல் தீர்ப்பதுதான், கிளையன்ட்டுக்கு அந்தத் திறன் தற்காலிகமாகத் தடைபட்டிருக்கிறது, அவ்வளவே என்பது அவர் நிலை. இந்தச் சண்டை தெரிந்தால், ‘ப்ராப்ளம் சால்விங்’ அணுகுமுறையை டயக்னாஸ்டிக்கில் போடுவதா ஃபங்ஷனலில் போடுவதா என்று திணற மாட்டீர்கள்.

நாலு பியில் கவிழ்ப்பது ‘ப்ளேஸ்’. கிளையன்ட்டின் வீடோ ஊரோ கிடையாது. உதவி கேட்டு அவர் வந்து நிற்கும் ஏஜென்சி, அதாவது சேவை நிறுவனம். ஆப்ஷனில் ‘சமூகச் சூழல்’ என்று அழகாகப் போட்டிருந்தாலும் தொடாதீர்கள். பிற்காலத்தில் அவரே இன்னும் இரண்டு பி சேர்த்தார்: ப்ரொஃபஷனல் பர்சன், ப்ரொவிஷன். ஆகவே “ஆறு பி” என்று கேட்டாலும் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். மார்க்கெட்டிங்கிலும் ஒரு நாலு பி உண்டு, 1960இல் மெக்கார்த்தி சொன்னது. அதிலும் ஒரு ‘ப்ளேஸ்’ வரும். கோட் 55 ஆட்கள் ஜாக்கிரதை.

1957க்குப் பக்கத்தில் இன்னொரு பெயர் எழுதிக்கொள்ளுங்கள்: பீஸ்டெக். கேஸ் ஒர்க் உறவு பற்றிய அவருடைய ஏழு கொள்கைகள் அதே 1957, அவரும் அதே சிகாகோ. அவர் இயேசு சபைப் பாதிரியார், லயோலா பல்கலைக்கழகம். கால வரிசைக் கேள்வியில் இரண்டு பேரையும் ஒன்றாகப் போட்டால் கேள்வியே நிற்காது. ஒருவர் இருந்தால் மற்றவர் இருக்க மாட்டார் என்று வைத்துக்கொண்டு, முன்னால் ரிச்மண்டின் 1917ஐயும் பின்னால் ஹாலிஸின் 1964, ரீட்–எப்ஸ்டீனின் 1972 ஆகியவற்றையும் நிறுத்தினால் வரிசை தானாக வரும்.

அடுத்து ரூம்மேட்டுடைய பெர்ல்மன். செலிக் பெர்ல்மன். 1888, பியாலிஸ்டாக். இன்று போலந்து, அன்று ரஷ்யப் பேரரசு. நெசவாலைகளும் யூதத் தொழிலாளர்களும் நிறைந்த ஊர். இளமையில் மார்க்சியத்தில் பிடிப்போடு இருந்தவர். 1908இல் அமெரிக்கா போய், விஸ்கான்சினில் ஜான் ஆர். காமன்ஸிடம் மாணவராகச் சேர்ந்து, மெல்ல மெல்ல மார்க்ஸிடமிருந்து விலகினார். தொழிலாளர் இயக்கம் பற்றிய அவருடைய கோட்பாட்டு நூல் 1928. மூன்று காரணிகள்:

- முதலாளித்துவத்தின் தாக்குப்பிடிக்கும் சக்தி
- அறிவுஜீவிகள் இயக்கத்தில் செலுத்தும் ஆதிக்கம்
- தொழிற்சங்க மனப்பான்மையின் முதிர்ச்சி

தொழிலாளிக்கு வாய்ப்புகள் குறைவு என்ற உணர்வுதான் முதலில். இருக்கிற வேலையைக் காப்பாற்றி, கூட்டாகப் பங்கிட்டுக்கொள்வதுதான் சங்கத்தின் வேலை. ரூம்மேட் சொன்ன ‘ஜாப் கான்ஷியஸ்னஸ்’ இதுதான். புரட்சி என்பது வெளியிலிருந்து வரும் அறிவுஜீவியின் கனவு என்பார். நமக்குப் பக்கத்திலேயே பொருத்திப் பார்க்க ஒன்று உண்டு. 1918இல் பக்கிங்ஹாம் கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய மெட்ராஸ் லேபர் யூனியனுக்குத் தலைவர் பி.பி.வாடியா, பிரம்மஞான சபைக்காரர். ஆலைக்குள் வேலை பார்த்தவர் அல்லர். ‘வெளியார் தலைமை’ பற்றிப் படிக்கும்போது செலிக்கின் இரண்டாவது காரணியையும் சேர்த்துப் படித்தால் இரண்டும் மறக்காது.

மூன்றாவது ஒருவர் இருக்கிறார், கண்ணி அங்கேதான். மார்க் பெர்ல்மன். செலிக்கின் மகன், பொருளியலாளர். தொழிற்சங்கக் கோட்பாடுகளை வகைப்படுத்தி 1958இல் புத்தகம் எழுதினார். அப்பா கோட்பாடு சொன்னவர், மகன் கோட்பாடுகளை வகை பிரித்தவர். ‘இனிஷியல் இல்லாத பெர்ல்மன்’ வந்தால் வருஷத்தைப் பாருங்கள்.

ஹெலன் செலிக்குக்கு மகளா மருமகளா என்று ரூம்மேட் கேட்டாள். இரண்டும் இல்லை. பெர்ல் என்பது யித்திஷ் பேசிய யூதர்களிடம் வழங்கிய பெண் பெயர். பெர்லின் வீட்டுக்காரர் என்பதுதான் பெர்ல்மன் ஆயிற்று. ஹாப்ஸ்பர்க் அரசு 1787இலும் ரஷ்ய அரசு 1804இலும் யூதர்கள் நிலையான குடும்பப்பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் போட்டன. ஊர் ஊராகப் பெர்ல் என்ற பெண்கள் இருந்தார்கள், அதனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பெர்ல்மன் குடும்பங்கள் உண்டாயின. ரிவ்கா, துவோரா பெயர்களிலிருந்து ரிவ்கின், துவோர்கின் வந்ததும் இதே வழிதான். ரஷ்ய எழுத்து வழியாக வந்தவர்கள் பெரெல்மன் ஆனார்கள். ஆகவே பெயர் ஒன்றென்றால் உறவு என்று ஊகித்து விடை போடாதீர்கள்.

வேறு பாடக்காரர்களும் கேட்டதால், அந்தப் பக்கத்தின் மிச்சம். நான் பரீட்சைக்காக எழுதவில்லை, சுவாரசியத்தில் நீண்டுவிட்டது:

- மொழியியல் (31): எலியேசர் பென் யெஹூதா. எபிரேயத்தைப் பேச்சுமொழியாக மீட்டவர். 1858இல் பிறந்தபோது பெர்ல்மன். பெயரை அவரே மாற்றிக்கொண்டார். வினைச்சொற்கள் பற்றிய அன்அக்யூசட்டிவ் கருதுகோளின் டேவிட் பெர்ல்மட்டர் வேறு குடும்பப்பெயர், குழப்ப வேண்டாம்.
- கம்ப்யூட்டர் சயின்ஸ் (87): ரேடியா பெர்ல்மன். பெண். நெட்வொர்க்கில் தரவு சுற்றிச் சுற்றி வராமல் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ ப்ரோட்டோகால்.
- தத்துவம் (03): ஷைம் பெரெல்மன். வார்சாவில் பிறந்து பிரஸ்ஸல்ஸில் வாழ்ந்தவர். 1958இல் லூசி ஓல்பிரெக்ட்ஸ் டிட்டெகாவோடு சேர்ந்து எழுதிய புதிய சொல்லாட்சிக் கலை. கூட எழுதியவர் பெயரை ஆப்ஷனில் விடுவார்கள்.
- கணிதம் எழுதுபவர்களுக்கு: கிரிகோரி பெரெல்மன். பாயின்கரே ஊகத்தை நிரூபித்தவர். 2006இல் ஃபீல்ட்ஸ் மெடலையும் 2010இல் பத்து லட்சம் டாலர் பரிசையும் வேண்டாம் என்றவர். 37,000 ரூபாய்க்கு அழுதவள் இதை எழுதும்போது கொஞ்சம் கூசத்தான் செய்தது.
- யாருக்கும் வேண்டாம், ஆனாலும்: யாகோவ் பெரெல்மன், 1882, செலிக் பிறந்த அதே பியாலிஸ்டாக். அவர் எழுதிய ‘பொழுதுபோக்கு பௌதிகம்’ நூலைத் தமிழில் படித்த அப்பா அம்மாக்களைக் கேளுங்கள், தெரியும். லெனின்கிராட் முற்றுகையில் பட்டினியில் 1942இல் இறந்தார். எஸ்பெராண்டோவின் சாமென்ஹாஃப், வாய்வழிப் போலியோ மருந்தின் சேபின் இருவரும்கூட அதே ஊர்தான். நாலு வயதில் போலியோ தாக்கியும் வயலினைக் கையில் எடுத்த இட்ஸாக் பெர்ல்மன் மட்டும் டெல் அவிவ்.

இந்த முறை எல்லாருக்கும் ஒத்துவராது. ஊர்வம்பு பிடிக்கிற ஆட்களுக்கு ஒத்துவரும். எம்.சி.க்யூ. போட்டுப் போட்டே மனத்தில் ஏற்றுகிறவர்கள் தாராளமாக அதையே செய்யுங்கள், என் நோட்டு உங்களைத் தாமதப்படுத்தும். சட்டங்கள், திட்டங்கள் யூனிட்டுக்கு இது துளியும் உதவாது. அங்கே உட்கார்ந்து மனப்பாடம்தான்.

மற்றவை வேகமாக:

- எல்லாருக்கும் பொதுவான பேப்பர் 1ஐ அலட்சியம் செய்யாதீர்கள். டேட்டா இன்டர்ப்ரெட்டேஷனைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன், நல்லதாய்ப் போயிற்று.
- கூற்று–காரணம் கேள்வியில் ‘மட்டுமே’ என்ற சொல் இருந்தால் இரண்டு தடவை படியுங்கள்.
- விடைக்குறிப்பை எதிர்க்க ஒரு கேள்விக்கு 200 ரூபாய். மூலப் புத்தகத்தின் பக்கம் கையில் இருந்தால் மட்டும் கட்டுங்கள். நோட்ஸை வைத்துக் கட்டாதீர்கள்.
- குடும்பப்பெயர் நோட்டில் அடுத்துத் திறக்க வேண்டிய பக்கம் கப்லான். நிறுவனச் செயல்பாட்டை அளக்கும் பேலன்ஸ்டு ஸ்கோர்கார்டின் ராபர்ட் கப்லான் ஒருவர், நெருக்கடியில் உதவும் கிரைசிஸ் இன்டர்வென்ஷனின் ஜெரால்ட் கப்லான் ஒருவர். ஆங்கிலத்தில் முதலெழுத்து மாறும், தமிழில் படிப்பவர்களுக்கு அதுவும் மாறாது.

ஹாக்ஸி, டேனன்பாம், வெப் தம்பதி என்று மற்ற தொழிற்சங்கக் கோட்பாட்டாளர்களைப் பற்றியெல்லாம் என்னைக் கேட்காதீர்கள். ரூம்மேட் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் ஜே.ஆர்.எஃப். வாங்கியவள், அவள் பேச்சை நம்பலாம்.