பெட்டிக்குள் இருந்த வரிசை

நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பிய ஒரு யூதக் குடும்பத்தின் பெட்டி பேரப்பிள்ளைகள் கைக்கு வரும்போது பெரும்பாலும் அது பழைய தோல் சூட்கேஸாகவோ பிஸ்கட் டின்னாகவோ இருக்கும். திறந்ததும் யாருக்கும் கை துறுதுறுக்கும்: படங்கள் ஒரு பக்கம், கடிதங்கள் ஒரு பக்கம் என்று பிரித்து அடுக்கத் தோன்றும். இப்படிப்பட்ட பெட்டிகளை ஒழுங்குசெய்து காப்பகத்தில் சேர்க்கும் வேலையில் பார்த்த சேதங்களில் பாதி, பூச்சியாலோ ஈரத்தாலோ வந்ததல்ல. அன்போடு உட்கார்ந்து அடுக்கியவர்களால் வந்தது.

ஒரு குழந்தையின் படம் ஒரு கடித உறைக்குள் இருந்தால், அந்தக் கடிதத்தோடு அனுப்பிய படமாக இருக்க வாய்ப்பு அதிகம். கடிதத்தில் "சின்னவளுக்குப் பல் முளைத்துவிட்டது" என்று ஒரு வரி இருக்கும். படத்தை எடுத்து ஆல்பத்தில் செருகிவிட்டால் அந்தக் குழந்தை யார் என்று சொல்ல பிறகு ஆளில்லை. அதனால் எதையும் எடுப்பதற்கு முன் மேலிருந்து செல்பேசியில் ஒரு படம்; ஒரு அடுக்கை எடுத்த பிறகு இன்னொரு படம். அடிவரை இப்படியே. பிறகு எண் போடுவது: பெட்டி எண், உறை எண், உருப்படி எண், முன்பக்கத்துக்கு அ, பின்பக்கத்துக்கு ஆ. எண்ணை 4பி போன்ற மிருதுவான பென்சிலால் பின்பக்க ஓரத்தில், அழுத்தாமல், கண்ணாடிப் பலகைமேல் கவிழ்த்து வைத்து எழுத வேண்டும். பேனா மை அடுத்த படத்தின் முகத்தில் ஒட்டிக்கொள்ளும்.

படங்களைத் தொட நைட்ரைல் கையுறை. தாள்களுக்குக் கழுவித் துடைத்த வெறுங்கையே நல்லது. கையுறை போட்டால் விரலுக்கு உணர்வு போய், மடிப்பில் கிழித்துவிடுவோம். துருப்பிடித்த குண்டூசியை இழுக்காதீர்கள். ஊசிக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பாலியெஸ்டர் துண்டைச் செருகி, துரு உதிர்ந்த பிறகு நெகிழ்த்தி எடுக்கலாம். பழைய செலோ டேப்பை அப்படியே விடுங்கள்.

எங்களுக்கு அதிகம் தொல்லை தந்தவை போர்க்கால ஆல்பங்கள் அல்ல. அவற்றில் கறுப்பு அட்டையும் முக்கோண ஒட்டுமூலைகளும்தான், படம் எளிதாக வெளியே வரும். 1970களில் பாட்டியோ அத்தையோ "பத்திரமாக இருக்கட்டும்" என்று பசைக்கோடு போட்ட, பிளாஸ்டிக் தாள் மூடிய ஆல்பத்துக்கு மாற்றியிருப்பார்கள் பாருங்கள், அதில்தான் ஆபத்து. பசை காலப்போக்கில் இறுகிப் படத்தின் முதுகைக் கவ்விக்கொள்ளும். மெழுகு பூசாத டென்டல் ஃப்ளாஸ் நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் இடையே விட்டு, ரம்பம் போல மெதுவாக இழுத்தால் பல படங்கள் கழன்றுவிடும். கழலாததை விட்டுவிட்டுப் பக்கத்தை முழுதாக ஸ்கேன் செய்யுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம். சூட்டில் படம் சுருளும், பசை இளகிப் பரவும். முகத்தோடு முகம் ஒட்டிய இரண்டு படங்களை வீட்டில் பிரிக்கவே கூடாது, அது ஆவணப் பாதுகாப்பு நிபுணரின் வேலை.

நெகட்டிவ் இருந்தால் ஓரத்தில் "சேஃப்டி" என்ற எழுத்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 1950க்கு முந்தைய சுருள்களில் செல்லுலோஸ் நைட்ரேட் இருக்கலாம். பழுப்பேறி, பிசுபிசுத்து, காரமான நெடி அடித்தால் சந்தேகமே வேண்டாம். எளிதில் தீப்பிடிக்கும் பொருள் அது. தனியாக, குளிர்ச்சியான காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். சாதாரண அஞ்சலில் அனுப்பக் கூடாது, அபாயப் பொருள் விதிகள் அதற்கும் பொருந்தும்.

ஸ்கேன் செய்வதில் சிக்கனம் பார்த்தவர்கள் எல்லோரும் இரண்டாம் முறை செய்திருக்கிறார்கள். கறுப்பு வெள்ளைப் படமானாலும் வண்ணத்தில்தான் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊதா முத்திரையும் பென்சில் குறிப்பும் ஒரே சாம்பலாகிவிடும். 6×9 சென்டிமீட்டர் படத்தை 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) எடுத்தால் சுமார் 2835×4252 புள்ளிகள் கிடைக்கும். டிஃப் கோப்பு 36 எம்பி அளவுக்கு வரும். 200 படம், இரண்டு பக்கம், ஒவ்வொன்றுக்கும் 3 நிமிடம் என்றால் 20 மணி நேரம். இரண்டு வார மாலைப்பொழுதுகள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இருண்ட பகுதிகளில் நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்பு ஏறிய படங்கள் ஸ்கேனரில் பனி மூடியதுபோல வரும். துடைக்காதீர்கள், வெள்ளியே மேலே வந்து படிந்திருப்பது அது. இரு பக்கமும் 45 பாகைச் சாய்வில் விளக்கு வைத்து கேமராவில் எடுங்கள்.

பின்பக்கத்தைச் சொன்னேன். தேதி கிடைப்பது பெரும்பாலும் அங்கேதான். ஸ்டூடியோ முத்திரை, முகவரி, பென்சிலில் ஒரு வருஷம். 5.10.38 என்றிருந்தால் அக்டோபர் 5. நமக்குப் பழகிய வரிசைதான், ஆனால் அமெரிக்காவில் வளர்ந்த வாரிசு மே 10 என்று எழுதி வைத்திருப்பார். 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. படத்தாளில் வெண்மையூட்டும் ரசாயனம் 1950களின் தொடக்கத்தில்தான் வந்தது. தாள் நீலமாக ஒளிர்ந்தால், படத்தில் இருப்பது 1932 ஆனாலும் கையில் இருப்பது போருக்குப் பிந்தைய பிரதி. வெளிநாட்டு உறவினரிடம் தப்பிய ஒரே படத்தைப் பலரும் பிரதி எடுத்துக்கொண்டதால் இது அடிக்கடி நடக்கும்.

சின்ன அடையாளப் படம் ஒரே மாதிரி நான்கைந்து கிடந்தால் மிகுதி என்று கழிக்காதீர்கள். 1938 ஜூலை 23 ஆணைப்படி யூதர்கள் அந்த ஆண்டு முடிவதற்குள் யூதர் என்று காட்டும் ஜே எழுத்திட்ட அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அதற்கான படத்தில் இடது காது தெரிய வேண்டும் என்பது விதி. தலைமுடியைப் பின்னால் ஒதுக்கி, சற்றுத் திரும்பி, காது தெரிய உட்கார்ந்த பெண்ணின் படம் அந்த மாதங்களைச் சுட்டும். உறுதிச் சான்று அல்ல, நல்ல துப்பு. 1941 நவம்பரில் ஜெர்மனியில் யூதர்களின் கேமராக்களுக்கும் கை வைத்தார்கள். ஆல்பம் அத்தோடு நின்றுபோவதற்கு அதுவும் ஒரு காரணம். படங்கள் தொலைந்துவிட்டன என்று தேடி அலைய வேண்டியதில்லை.

ஆட்களை அடையாளம் காண ஒரு வழி பெயர் வைக்கும் முறை. பாட்டன் பெயரைத் தாங்குபவன் பேரன் என்பது நம் வழக்கு. மத்திய, கிழக்கு ஐரோப்பிய மரபினரான அஷ்கெனாசி யூதர்களிடமும் இது உண்டு, ஆனால் இறந்தவர் பெயரை மட்டுமே வைப்பார்கள். பேரனுக்கு அதே பெயர் என்றால் அவன் பிறக்கும்போது தாத்தா உயிரோடு இல்லை என்று கொள்ளலாம். நகரத்து ஜெர்மன் குடும்பங்கள் இதில் கண்டிப்பாக இருந்ததில்லை. ஸ்பெயின், போர்ச்சுகல் மரபில் வந்த செஃபார்தி யூதக் குடும்பங்கள் உயிரோடிருப்பவர் பெயரையும் வைக்கும். ஆகவே வேறு சான்று இல்லாமல் இதை மட்டும் நம்பக் கூடாது.

தாள்களுக்கு வருவோம். 1939 ஜனவரி 1 முதல், அரசு அனுமதித்த பட்டியலில் இல்லாத பெயர் கொண்ட யூத ஆண்கள் "இஸ்ரேல்" என்றும் பெண்கள் "சாரா" என்றும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. பட்டியல் தயாரிப்பவர்கள் அதை இயற்பெயராகப் பதிந்து, பிறகு தேடினால் கிடைக்கவில்லை என்பார்கள். தாளில் உள்ளபடி பதியுங்கள். ஆனால் திணிக்கப்பட்ட பெயர் என்று தனிக் கட்டத்தில் குறியுங்கள்.

போர்க்காலத்தில் செஞ்சிலுவைச் சங்கம் வழியாகப் போன கடிதங்கள் ஒற்றைத் தாள் படிவம், 25 சொல்லுக்கு மேல் அனுமதியில்லை, பதில் அதே தாளின் பின்பக்கம். எழுதிய நாள், ஜெனீவா முத்திரை, பதில் நாள் எல்லாம் மாதக்கணக்கில் விலகியிருக்கும். எழுதிய நாளை வைத்து வரிசைப்படுத்துங்கள். பதில் நாளைத் தனியாகப் பதியுங்கள். "நலம், ஊருக்குப் போகிறோம்" என்ற வரியை அப்படியே நம்பக் கூடாது. தணிக்கைக்குப் பயந்து எழுதியது அது; அந்த ஊர் பெரும்பாலும் கிழக்கே எங்கோ இருந்த முகாம்.

முகாம் அஞ்சலட்டைகளில் தேதியையே நம்ப முடியாது. செக் மண்ணிலிருந்த தெரேசியன்ஸ்டாட் முகாமிலிருந்து, ஆஷ்விட்ஸின் பகுதியான பிர்கெனாவின் "குடும்ப முகாமுக்கு" 1943 செப்டம்பரில் கொண்டுபோனவர்களை, 1944 மார்ச் 25 என்று பின்தேதியிட்டு அட்டை எழுத வைத்தார்கள். மார்ச் 8 இரவு அவர்களைக் கொன்றுவிட்டார்கள். ஹங்கேரியக் குடும்பங்களின் பெட்டியில் 1944ஆம் ஆண்டு "வால்ட்சே" என்று ஊர்ப்பெயர் போட்ட அட்டை கிடைத்தால் அதுவும் ஏமாற்றுத்தான், எழுதிய இடம் ஆஷ்விட்ஸ்.

கையெழுத்து தனி வித்தை. பழைய பத்திரங்களின் கூட்டெழுத்தில் நாம் திணறுவதுபோல இன்றைய ஜெர்மானியர்களே குர்ரெண்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்து வடிவத்தில் திணறுவார்கள். அதில் "எ" ஒலிக்கான எழுத்தும் "ன்" எழுத்தும் கிட்டத்தட்ட ஒன்றே. "உ" எழுத்துக்கு மட்டும் தலையில் ஒரு வளைவு உண்டு. டிரான்ஸ்கிரிபஸ் மென்பொருள் வரிகளை ஓரளவு படித்துத் தரும், ஆட்பெயரிலும் ஊர்ப்பெயரிலும் தடுமாறும். நமக்கு வேண்டியதே அவைதான்.

தேடலை முதலில், நாஜிகளால் பாதிக்கப்பட்டவர்களின் ஆவணங்களைக் காக்கும் அரோல்சன் ஆவணக்காப்பகத்தில் தொடங்குவோம். பன்னாட்டுத் தேடல் சேவையாக இருந்தது 2019இல் பெயர் மாறியது, 1.75 கோடி பெயர்கள், இணையத்தில் இலவசம். அடுத்து கொல்லப்பட்டவர் பெயர்களைத் தொகுத்த ஜெர்மன் கூட்டரசு ஆவணக்காப்பகத்தின் நினைவேடு, இஸ்ரேலின் நினைவகமான யாத் வஷேமின் பெயர்த் தரவுத்தளம். ஊர்ப்பெயரை அந்தக் கால வடிவிலும் இன்றைய வடிவிலும் தேட வேண்டும்: அன்றைய பிரெஸ்லாவ் இன்று வ்ரோட்ஸ்வாஃப், லெம்பெர்க் இன்று லிவிவ். இறந்த நாள் 1945 மே 8 என்றிருந்தால் நிதானியுங்கள். போர் முடிந்தபின் நீதிமன்றம் காணாமல்போனவரை இறந்தவராக அறிவித்தபோது பல வழக்குகளில் போட்ட சட்டபூர்வ நாள் அது. அதைப் படத்தின் குறிப்பில் இறந்த நாளாக எழுதினால் தவறு அடுத்த தரவுத்தளத்துக்கும் ஓடும்.

மூலத்தை ஒரே இடத்தில் கொடுங்கள். அண்ணனுக்கு ஆல்பம், தங்கைக்குக் கடிதம் என்று பங்கு பிரித்தால் இத்தனை பாடும் வீண். ஜெர்மன் பேசிய குடும்பங்களுக்கு நியூயார்க்கின் லியோ பெக் நிறுவனம், லண்டன் சென்றவர்களுக்கு வீனர் நூலகம், வாஷிங்டனின் யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகம், யாத் வஷேம் எல்லாம் உண்டு. கொடைப் பத்திரத்தில் எல்லா வாரிசுகளின் கையெழுத்தும் வேண்டும். கடிதத்தாள் பெற்றவருக்குச் சொந்தம் என்றாலும் எழுத்தின் பதிப்புரிமை எழுதியவர் வாரிசுகளுக்குத்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் அது எழுதியவர் இறந்து 70 ஆண்டு வரை.

கடைசியில் யாரென்றே தெரியாத படங்கள் சில மிஞ்சும். ஆஷ்விட்ஸில் கிடைத்த சுமார் 2,400 குடும்பப் படங்களும் அப்படித்தான் இருந்தன. பிற்பாடு போலந்தின் பெஞ்சின் ஊர் வட்டாரக் குடும்பங்களைத் தேடி, பலரை அடையாளம் கண்டார்கள். "அடையாளம் தெரியவில்லை" என்ற ஒரே உறையில் எல்லாவற்றையும் கொட்டாமல், ஒவ்வொன்றையும் தன் எண்ணோடு, அது கிடந்த உறையின் பக்கத்திலேயே, படத்தைக் கெடுக்காது என்று சோதனையில் தேறிய தனித் தாளுறையில் வைத்தே ஒப்படைக்கிறோம்.